ஒரே முகூர்த்தத்துக்கு நாலு வீடு: தேடி வந்த வேலையை மறுப்பது எப்படி?

கேள்வி: கும்பகோணத்தில் சமையல் காண்டிராக்ட் எடுத்து நடத்துகிறேன். ஒரே முகூர்த்தத்துக்கு மூன்று, நான்கு வீடுகளில் கேட்கிறார்கள். "பார்க்கலாம்" என்று சொல்லிச் சொல்லி, கடைசி வாரத்தில் கைவிரித்ததில் இரண்டு குடும்பங்கள் இப்போது முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இதற்கு நடுவே கோயில் அன்னதானம், சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து, சங்கப் பொறுப்பு என்று வேறு வந்துகொண்டே இருக்கிறது. யாருக்கும் மனசு நோகாமல் மறுப்பது எப்படி?

பதில்:

"யாருக்கும் மனசு நோகாமல்" என்பதை முதலில் விட்டுவிடுங்கள். தேடி வந்தவரைத் திருப்பி அனுப்பினால் கொஞ்சம் நோகத்தான் செய்யும். ஆனால் அந்த இரண்டு குடும்பமும் நீங்கள் மறுத்ததற்காகக் கோபித்துக்கொள்ளவில்லை. கடைசி வாரத்தில் மறுத்ததற்காகக் கோபித்துக்கொண்டிருக்கிறார்கள். தேதி குறித்த கையோடு சொல்லியிருந்தால் வலங்கைமானிலோ குடவாசலிலோ ஆடுதுறையிலோ வேறு நல்ல ஆளைப் பிடித்திருப்பார்கள். பத்திரிகை அடித்து ஊரெல்லாம் கொடுத்து முடித்த பிறகு அடுப்படிக்கு ஆள் இல்லை என்றால் அந்த வீட்டில் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே என்ன சொல்லி மறுப்பது என்பதற்கு முன்னால், எப்போது மறுப்பது என்பதைச் சரிசெய்ய வேண்டும். அதற்குத் தேதி நோட்டு ஒழுங்காக இருக்க வேண்டும்.

தேதி நோட்டு

பலர் ஒரு முகூர்த்தத்துக்கு ஒரு கட்டம் என்று எழுதுகிறார்கள். குழப்பம் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை முகூர்த்தம் என்றால் சனிக்கிழமை காலையிலேயே பாத்திரமும் சரக்கும் மண்டபத்தில் இறங்க வேண்டும். மத்தியானம் காய் நறுக்க உட்கார வேண்டும். சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு டிபன், அப்புறம் இரவுச் சாப்பாடு. அடுப்படி கழுவி முடிக்க 11 மணி ஆகும். மறுபடி 2, 3 மணிக்கு அடுப்பு மூட்டினால்தான் 7 மணிக்கு இட்லி இலையில் விழும். 11 மணிவாக்கில் முகூர்த்தச் சாப்பாடு ஆரம்பித்தால் கடைசிப் பந்தி எழுந்திருக்க 2 மணி தாண்டும். பாத்திரத்தை எண்ணி வண்டியில் ஏற்றுவதற்குள் 4, 5 மணி. ஒரு முகூர்த்தம் உங்களுக்கு ஒன்றரை நாள்.

திங்கட்கிழமையும் முகூர்த்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 6 மணிக்கே டிபன் வேண்டும். "அடுத்த நாள்தானே, ரெண்டையும் முடிச்சிடலாம்" என்று ஒப்புக்கொண்டவர்கள் மாட்டிக்கொள்வது ஞாயிறு 2 மணிக்கும் 6 மணிக்கும் நடுவில். இங்கே கடைசிப் பந்திக்கு ரசம் போதவில்லை, அங்கே கேசரிக்கு இன்னும் ரவையே வறுபடவில்லை, ஆட்கள் யாரும் இரவு கண்ணை மூடவில்லை. ஆகவே நோட்டில் முதல் நாள் காலையிலிருந்து முகூர்த்த நாள் சாயங்காலம் வரை ஒரே பட்டையாக அடையுங்கள். பட்டையோடு பட்டை முட்டினால் இரண்டாவது வேலையை மறுக்க வேண்டும், அல்லது அதற்குத் தனியாக ஒரு செட் ஆள் இருக்க வேண்டும்.

அந்த இரண்டாவது செட் என்பதை மனக்கணக்கில் போடாதீர்கள். 300 இலைக்குத் தோராயமாக ஒரு மேஸ்திரி, கைக்கு நாலு பேர், காய்க்கு மூன்று பேர், பந்திக்கு 100 இலை வீதம் போட்டால் பரிமாறப் பத்துப் பேர், பாத்திரம் கழுவ இரண்டு மூன்று பேர். ஆள் பெயரை எழுதிப் பாருங்கள். ஒரே பெயர் இரண்டு பக்கத்திலும் வந்தால் உங்களிடம் இருப்பது ஒரு செட்தான். சம்பா நடவு மும்முரமாக நடக்கும் புரட்டாசி, ஐப்பசியில் காய் நறுக்க வரும் பெண்கள் வயலுக்குப் போய்விடுவார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். கொல்லையில் கீற்றுக்கொட்டகை போட்டுச் சமைக்கச் சொல்லும் வீடுகளை அந்த இரண்டு மாதமும் மறுத்துவிடலாம். "அடுப்படிக்கு மேல கூரை இருந்தா வர்றேன்" என்று சொன்னால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, புரட்டாசியில் பெரும்பாலோர் வைப்பதில்லை. மிச்ச மாதங்களிலும் வளர்பிறை முகூர்த்தத்துக்குத்தான் அடிதடி. ஆடிப்பெருக்கு முடிந்ததுமே ஆவணிக்குக் கேட்டு வருவார்கள். கார்த்திகையிலேயே தை மாதத்துக்குப் பேசுவார்கள். நோட்டில் தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, கிழமை மூன்றையும் எழுதுங்கள். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் சில மாதங்களில் தமிழ்த் தேதி ஒரு நாள் தள்ளி நிற்கும். "வைகாசி 12" என்று அவர் ஒன்றை நினைக்க, நீங்கள் வேறொன்றை நினைத்து, காலியாக இருந்த நாளை மறுத்துவிடுவதும் நடக்கும்.

கேட்டிருக்கிறார்கள், இன்னும் முடிவாகவில்லை என்ற வகைதான் உங்களுக்கு வினையாகியிருக்கிறது. இவற்றைப் பென்சிலில் எழுதி, பக்கத்தில் இரண்டு தேதி போடுங்கள்: அவர்கள் கேட்ட நாள், நீங்கள் பதில் சொல்ல வேண்டிய நாள். இரண்டுக்கும் நடுவே மூன்று நாளுக்கு மேல் வேண்டாம். மூன்றாம் நாள் நீங்களே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். அவர் கூப்பிடட்டும் என்று காத்திருந்தால் அது மறுப்பும் ஆகாது, சம்மதமும் ஆகாது.

மாயவரத்தில் ஐப்பசி முழுக்கக் காவிரியில் துலா முழுக்கு. மாதக் கடைசி நாளான கடைமுகத்தன்றும் வந்து சேர முடியாத முடவனுக்காகக் கார்த்திகை முதல் தேதி முடவன் முழுக்கு என்று ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தது. கல்யாண வீட்டில் அப்படி ஒரு நாள் யாரும் தர மாட்டார்கள்.

"பார்க்கலாம்" எப்படிக் காதில் விழுகிறது

நம் பக்கத்தில் அரிசி தீர்ந்தால்கூட "இல்லை" என்று சொல்ல மாட்டோம், "நிறைஞ்சிருக்கு" என்போம். விளக்கை மலையேற்றுவோம். கிளம்பும்போது "போயிட்டு வர்றேன்" என்போம். கல்யாணம் பேச வந்தவரிடம் "முடியாது", "இல்லை" என்ற சொற்கள் வாயில் வராதது இந்தப் பழக்கத்தால்தான். அது நல்ல பழக்கம், விட வேண்டியதில்லை. "இல்லை"யைத் தவிர்த்துவிட்டு அந்த இடத்தில் எதை வைக்கிறோம் என்பதுதான் சங்கதி.

"லாம்" என்று முடிகிற எதுவும் மறுப்பு ஆகாது. பார்க்கலாம், பேசிக்கலாம், செஞ்சுக்கலாம் எல்லாமே கதவைத் திறந்து வைக்கிற சொற்கள். "ஆச்சு" என்று முடித்தால் கதவு சாத்திக்கொள்ளும்: "அந்தத் தேதி ஒப்புக்கிட்டாச்சுங்க." "வாக்குக் கொடுத்தாச்சு." "அச்சாரம் வாங்கியாச்சு." ஒரு எதிர்மறைச் சொல்கூட இல்லை, ஆனால் கேட்டவருக்கு விஷயம் முடிந்துவிட்டது என்று தெரியும்.

"கொஞ்சம் கஷ்டம்தான்" என்றால் கொஞ்சம் வற்புறுத்தினால் வருவார் என்று அர்த்தம் எடுப்பார்கள். "அந்த மாசம் ரொம்ப வேலை" என்றால் கூடக் காசு எதிர்பார்க்கிறார் என்பார்கள். "சொல்லி அனுப்புறேன்" என்றால் ஒப்புக்கொண்டுவிட்டார் என்று வீட்டில் போய்ச் சொல்லிவிடுவார்கள். எல்லாவற்றிலும் மோசம், "வேற யாரும் கெடைக்கலைன்னா வாங்க". பெருந்தன்மை என்று நினைத்துச் சொல்கிறோம். அவர் வேறு யாரையும் தேடாமல் முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்னால் வந்து நிற்பார். அன்றைக்கு மறுத்தால் பழி உங்கள் மேல்தான்.

தட்டு நீட்டினால்

தேங்காய், வெற்றிலை பாக்கு, பழம், அதன் மேல் அச்சாரப் பணம் என்று தட்டோடு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தட்டைக் கையில் வாங்கினால் ஒப்புக்கொண்டதாகிவிடும்; பிறகு வாயால் என்ன சொன்னாலும் நிற்காது. தட்டோடு வந்தவரை வாசலிலேயே வைத்துப் பேசக் கூடாது. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, அவர் தட்டைத் தூக்குவதற்கு முன்னால் நீங்கள் நோட்டைத் தூக்குங்கள். "தேதி என்னைக்குன்னு சொல்லுங்க, முதல்ல பார்த்துடுவோம்." தேதி அடைபட்டிருந்தால் பட்டையை அவருக்கே காட்டலாம், வீட்டுப் பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு. கண்ணால் பார்த்த பிறகு பெரும்பாலோர் வற்புறுத்த மாட்டார்கள்.

அதற்குள் தட்டை நீட்டிவிட்டாரா? கையைக் கட்டிக்கொண்டு நிற்பது அவமரியாதை. வெற்றிலையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, "மங்கள காரியம்னு வந்திருக்கீங்க, இதை எடுத்துக்கிறேன். பணத்தை நீங்களே வைங்க, தேதி போயிடுச்சு" என்று தட்டை அவர் பக்கமே தள்ளுங்கள். சுவாமி அறையில் வைக்கச் சொல்லி உள்ளே அனுப்பிவிட வேண்டாம். பணம் ஒரு இரவு உங்கள் வீட்டில் தங்கினால் கணக்கு மாறிவிடும்.

இப்போது இன்னொரு வகைத் தட்டு வந்திருக்கிறது. கேட்காமலே ஜிபேயில் ஆயிரத்து ஒன்று போட்டுவிட்டு, "அட்வான்ஸ் போட்டுட்டேன் அண்ணே" என்று வாட்ஸாப் செய்வார்கள். பார்த்த அன்றே அதே எண்ணுக்குத் திருப்பி அனுப்பி, உடனே போனில் பேசி, அதன் பின் எழுத்திலும் போடுங்கள்: "வணக்கம் அண்ணே. வைகாசி 12, ஞாயிறு, ஏற்கெனவே ஒரு வீட்டுக்கு ஒப்புக்கொண்டுவிட்டேன். நீங்கள் அனுப்பிய ரூ. 1,001 இப்போதே திருப்பி அனுப்பியிருக்கிறேன். கல்யாணம் சிறப்பாக நடக்க வாழ்த்துகள்." பணத்தை வைத்துக்கொண்டு யோசிப்பது வெறும் நாகரிகக் குறைவு மட்டும் இல்லை. முன்பணம் வாங்கிய வேலையைச் செய்யாவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைக் குறைபாடு என்று மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்க அவர்களுக்கு வழி இருக்கிறது.

என்ன சொல்வது, எந்த வரிசையில்

முதலில் நல்ல வார்த்தை, ஒரே வரி. இரண்டாவது வரியிலேயே முடிவு. அப்புறம் காரணம், ஒன்றே ஒன்று. கடைசியில் உங்களால் முடிந்த உதவி ஏதாவது இருந்தால் அது. பலர் காரணத்தை முதலில் ஆரம்பித்து, ஆள் பற்றாக்குறை, உடம்பு சரியில்லை, பையனுக்குப் பரீட்சை என்று நீட்டிக்கொண்டே போய், முடிவைச் சொல்லாமலே நிறுத்துவார்கள். கேட்பவர் ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு வழி சொல்வார். ஆள் நான் தர்றேன், மேற்பார்வை மட்டும் பாருங்க, பையனை எங்க வீட்டுல படிக்க வைக்கலாம். மூன்று காரணம் சொன்னால் மூன்று முறை மறுக்க வேண்டி வரும்.

காரணம் உண்மையாக இருக்க வேண்டும் என்று சொல்வது நீதிக்காக இல்லை. கும்பகோணத்தில் பொய்க் காரணம் இரண்டு நாள்கூடத் தாங்காது. காய்கறி மண்டியில் அவருடைய மச்சினன் உங்களைப் பார்ப்பான். பாத்திர வாடகைக் கடையில் உங்கள் பெயர் எந்தத் தேதிக்கு எழுதியிருக்கிறது என்று ஊருக்கே தெரியும். தீட்டு, துக்கம் என்று இல்லாததைச் சொல்லவே கூடாது. கல்யாணம் பேச வந்தவரிடம் அந்தப் பேச்சை எடுப்பதே தப்பு. பொய் என்று தெரிந்தால் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள்.

வேலையின் தன்மையிலிருந்து வருகிற காரணம் ஆளைச் சுடாது. சுவாமிமலையில் பஞ்சலோகச் சிலையை அவசரமாகக் கேட்டால், மெழுகு உருவத்தின் மேல் பூசிய காவிரி வண்டல் மண் காயாமல் உலோகத்தை ஊற்ற முடியாது என்று சொல்லிவிடலாம். மண்ணோடு யார் சண்டைக்குப் போவார்கள்? உங்களுக்கும் அப்படிக் காரணங்கள் உண்டு. இரண்டு மண்டபத்துக்கும் நடுவே உள்ள தூரம், ஆள் தூங்க வேண்டிய நேரம், 11 மணிக்குப் பந்தி போட எத்தனை மணிக்கு உலை வைக்க வேண்டும் என்பதெல்லாம் அப்படிப்பட்டவைதான்.

சொந்தத்தில் பெரியவர் கேட்டால், போனில் சொல்லாமல் நேரில் போய்ச் சொல்வது நல்லது. "மாமா, நம்ம வீட்டுக் கல்யாணம், எனக்கும் சந்தோஷம்தான். வைகாசி 12 ஒரு வீட்டுக்கு ஒப்புக்கிட்டாச்சு, அச்சாரமும் வாங்கியாச்சு. அதை உதறிட்டு வந்தேன்னா நாளைக்கு உங்க வீட்டு வேலையையும் இப்படித்தான உதறுவான்னு உங்களுக்கே தோணும்." இதற்குப் பதில் சொல்ல முடியாது. அவருக்கு வேண்டியதும் சொன்ன சொல் தவறாத ஆள்தான். வீட்டுப் பெண்களை விட்டோ, கையாளை விட்டோ சொல்லச் சொல்லாதீர்கள். "அவன் வாயால சொல்லட்டும்" என்பதில் தொடங்கிய பகைகள் நிறைய.

விலைதான் காரணம் என்றால் விலையையே சொல்லுங்கள். தேதி இல்லை என்று சொல்லிவிட்டு அதே தேதியில் வேறு மண்டபத்தில் கரண்டி பிடித்தால் தீர்ந்தது. "சித்தப்பா, நீங்க சொல்ற காசுக்கு நான் போடுற சாப்பாட்டைப் போட முடியாது. குறைச்சுப் போட்டா உங்க வீட்டுப் பந்தியிலயே என் பேரு கெடும். ரெண்டு பாயசத்தை ஒண்ணாக்கி, காலை டிபன்ல ரெண்டு அயிட்டம் எடுத்துட்டா இந்தக் காசுக்கு வரும். அது சரிப்படலைன்னா வேற நல்ல ஆளாப் பார்த்துக்கங்க, எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல." காசைக் குறைக்கக் கேட்டால் அயிட்டத்தைக் குறையுங்கள், அதே மெனுவுக்குக் காசைக் குறைத்தால் அடுத்த வாரம் அவருடைய பங்காளி அதே விலைக்கு வந்து நிற்பார்.

மண்டபத்து மேனேஜர் அனுப்பும் வேலையை மறுக்கும்போது மட்டும் இன்னொன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: அடுத்து உங்களுக்குக் காலியாக இருக்கும் மூன்று தேதிகள். அவருக்கு வேண்டியது விளக்கம் இல்லை, தேதி.

வேறு ஆளைக் கை காட்டுவது

மறுத்துவிட்டு வேறு சமையல்காரரின் பெயரைச் சொல்வது நல்ல பழக்கம்தான், ஆனால் அதிலும் மாட்டிக்கொள்வார்கள். முதலில் அந்த ஆளிடம் பேசி, அன்றைக்கு அவருக்கு நாள் இருக்கிறதா, பெயரைச் சொல்லலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு பெயர் சொல்லாமல் இரண்டு பெயர் சொல்லுங்கள். தேர்வு அவர்களுடையதாக இருக்கட்டும். "நான் சொன்னேன்னு சொல்லுங்க, விலை குறைப்பார்" என்று அடுத்தவர் சார்பில் வாக்குக் கொடுக்காதீர்கள். அவருக்கு எது நன்றாக வரும் என்பதை மட்டும் சொல்லுங்கள்: இவர் டிபனில் கெட்டி, அவர் 500 இலைக்கு மேல் பழகியவர். கமிஷன் வாங்குகிற வழக்கம் இருந்தால் சிபாரிசு என்ற சொல்லை விட்டுவிடுங்கள். கேசரியில் நெய் குறைந்தால் அவர்கள் முதலில் உங்கள் கமிஷனைத்தான் நினைப்பார்கள்.

"சரக்கு லிஸ்ட் மட்டும் போட்டுக் கொடுங்க"

இந்தச் சின்ன வேண்டுகோளை யாரும் மறுப்பதில்லை. மறுக்க வேண்டிய முதல் வேண்டுகோள் இது. வேறு ஆளை வைத்துச் சமைக்கப் போகிறார்கள், லிஸ்ட் மட்டும் உங்களுடையது. ஒரு சமையல்காரரின் லிஸ்ட் அவர் கைக்குப் போட்டது. 100 இலைக்கு 10, 12 கிலோ அரிசி என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் காலை டிபன் 9 மணி வரை போனால் மத்தியானம் சோறு இறங்காது, கிராமத்துப் பந்தி என்றால் கூடும், பழைய அரிசியும் புது அரிசியும் ஒரே மாதிரி காணாது. உங்கள் கணக்கை வைத்து இன்னொருவர் சமைத்து, கடைசிப் பந்திக்குச் சோறு போதவில்லை என்றால், "லிஸ்ட் போட்டது அவர்தான்" என்பார்கள்.

"லிஸ்ட் சமைக்கிறவர் கையால வரணும் அண்ணே. நான் போட்டா அவருக்கு ஒத்து வராது, பொருளும் வீணாகும். அவரையே போடச் சொல்லுங்க, சந்தேகம்னா என்கிட்டப் பேசச் சொல்லுங்க." பேச வருகிற சமையல்காரர் ரொம்பக் குறைவு.

வக்கீலிடம் பந்தியில் பத்திரத்தை நீட்டுவதும், டாக்டரிடம் மண்டப வாசலில் மாத்திரைச் சீட்டைக் காட்டுவதும் இதே ரகம்தான். "இதை நின்ன வாக்குல பார்க்கக் கூடாது, நாளைக்கு 10 மணிக்கு ஆபீசுக்கு எடுத்துட்டு வாங்க" என்ற ஒரு வரி போதும். இடத்தையும் நேரத்தையும் சொல்லிவிட்டால் அங்கே கட்டணம் உண்டு என்பது தானே புரிந்துவிடும்.

கோயில் காரியம்

இதுதான் கஷ்டமான பகுதி. கும்பாபிஷேகம், அன்னதானம், ஆறு கால பூஜை என்று தர்மகர்த்தாவோ விழாக் கமிட்டியோ வந்து, "சாமி காரியம், நீங்க கேக்கறதுக்கு என்ன இருக்கு" என்பார்கள். இங்கே உங்கள் கூலி வேறு, ஆட்களின் கூலி வேறு என்று பிரித்துப் பேச வேண்டும். உங்கள் கூலியை விட்டுக்கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. பாத்திரம் கழுவ வரும் அம்மாவின் கூலியைச் சாமிக்கு எழுதிக்கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. "ஐயா, என் கூலி வேணாம். ஆளுங்க 15 பேருக்குக் கூலி, வண்டி வாடகை ரெண்டும் கமிட்டி ஏத்துக்கணும்" என்று எழுதிக் கொடுங்கள். அதற்குச் சரி என்றால் போங்கள். இல்லை என்றால் வேலையை மறுத்து, பொருளைக் கொடுங்கள்: 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்று, அல்லது ஒரு டின் எண்ணெய். அளவு சொல்லிக் கொடுக்க வேண்டும். "என்னால முடிஞ்சதைச் செய்றேன்" என்றால் அவர்கள் நினைக்கும் அளவு வேறாக இருக்கும்.

வருஷத்துக்கு ஒரு கோயில், ஒரு திருவிழா என்று நீங்களே எடுத்துவைத்துக்கொண்டால் மற்றதை மறுப்பது சுலபம். திருவையாற்றில் புஷ்ய பகுள பஞ்சமியன்று தியாகராஜர் ஆராதனையில் வித்துவான்கள் சன்மானம் வாங்காமல் கூடிப் பாடுகிறார்கள். அதற்காக அவர்கள் எந்தக் கச்சேரிக்கும் சும்மா வர வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. உங்களுக்கும் அப்படி ஒன்று இருக்கட்டும்: "என் கைங்கர்யம் எங்க தெருப் பிள்ளையார் கோயில் சதுர்த்திக்குங்க. வருஷா வருஷம் அது ஒண்ணுதான்." ஆனால் அதை ஒழுங்காகச் செய்ய வேண்டும், ஒரு வருஷம் விட்டால் அந்தக் காரணம் செல்லாது.

2016-ல் வந்த மகாமகம் அடுத்து 2028-ல். ஊருக்குள் அன்னதானம் கேட்காத அமைப்பே இருக்காது, வண்டி போக வழியும் இருக்காது. அந்த மாசியில் கும்பகோணம் நகருக்குள் எதை ஏற்பது, எதை விடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்து, கேட்கும் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லுங்கள். ஒருவருக்கு விலக்கு கொடுத்தால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும்.

பொறுப்பு, மேடை, கல்லூரி

சங்கத்தில் செயலாளராக, பொருளாளராக இருக்கச் சொல்லி, "பேரை மட்டும் போட்டுக்கறோம்" என்பார்கள். பேர் மட்டும் என்று ஒரு பொறுப்பு கிடையாது. வங்கிக் கணக்கில் கையெழுத்து உங்களுடையதாக இருக்கும். "உறுப்பினரா இருக்கேன், சந்தா கட்டுறேன், கூட்டத்துக்கு வர்றேன். பொறுப்பு இந்தத் தடவை வேணாம்." "இந்தத் தடவை" என்பதை உண்மையிலேயே அடுத்த முறை ஏற்கும் எண்ணம் இருந்தால் மட்டும் சொல்லுங்கள்.

கேட்டரிங் கல்லூரியில் பேசவோ, சமையல் போட்டிக்கு நடுவராகவோ அழைத்துக் கடிதம் வந்தால் பதிலையும் எழுத்திலேயே கொடுங்கள், நாலு வரி போதும்: "தங்கள் அழைப்புக்கு நன்றி. தாங்கள் குறிப்பிட்ட நாளில் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வேலை இருப்பதால் கலந்துகொள்ள இயலவில்லை. ஆடி மாதத்தில் வேலை நாள் ஒன்றில் அழைத்தால் வந்து பேச முடியும். நிகழ்ச்சி சிறக்க வாழ்த்துகள்." ஆடி வரியை நிஜமாகப் போக விருப்பம் இருந்தால் எழுதுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். கேட்டவர் அந்த வரியைக் குறித்து வைத்துக்கொள்வார்.

விருந்தாளியாக அழைத்தால்

உங்கள் தொழிலில் எல்லோரும் கல்யாணத்துக்குப் போகிற நாளில்தான் உங்களுக்கு வேலை. அழைக்க வந்தவரிடம் "கண்டிப்பா வர்றேன்" என்று வாய் தன்னால் சொல்லிவிடும். சொல்லாதீர்கள். "அன்னைக்கு எனக்கு வேலை இருக்கு அத்தை. அவ வருவா. நான் அடுத்த வாரம் வீட்டுக்கு வந்து பொண்ணு மாப்பிள்ளையைப் பார்க்கிறேன்" என்று பத்திரிகை வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். மொய்யை மட்டும் மறக்கக் கூடாது. அவர்கள் உங்கள் வீட்டு விசேஷத்துக்கு எழுதியது நோட்டில் இருக்கும். அதைப் பார்த்து, குறையாமல், உங்கள் பெயரும் ஊரும் சொல்லி எழுதும் ஆளிடம் கொடுத்தனுப்புங்கள். பேராவூரணிப் பக்கம் ஆடி மாத மொய் விருந்து என்றால் ஆள் போகாவிட்டாலும் பணம் போயாக வேண்டும்; அங்கே அது அன்பளிப்பு இல்லை, திருப்பிச் செய்ய வேண்டிய கணக்கு.

ஒப்புக்கொண்ட பிறகு முடியாமல் போனால்

இது மறுப்பு என்ற கணக்கிலேயே வராது. மேஸ்திரிக்கு விபத்து, வீட்டில் சாவு என்று நிஜமாக வந்துவிட்டால், முதலில் மாற்று ஆளைப் பிடித்துப் பேசி முடித்துவிட்டு அப்புறம் கல்யாண வீட்டுக்குப் போங்கள். வெறுங்கையோடு போய்ச் செய்தியை மட்டும் சொல்லாதீர்கள். அச்சாரத்தை முழுசாகத் திருப்பிக் கொடுங்கள். மாற்று ஆள் கூடக் கேட்டால் அந்த வித்தியாசமும் உங்களுடையது. துக்க வீட்டு ஆள் கல்யாண வீட்டுக்குள் போகக் கூடாது என்பதால் அந்த நேரத்தில் மட்டும் வேறு பெரிய மனிதரை அனுப்பலாம்.

இனி அந்த இரண்டு குடும்பம். முகூர்த்தம் இல்லாத ஆடியிலோ மார்கழியிலோ ஒரு சாயங்காலம், ஒரு சீப்புப் பழம் வாங்கிக்கொண்டு தனித்தனியாகப் போங்கள். சொல்ல வேண்டியது ஒரே வரி: "அன்னைக்கே சொல்லாம இழுத்தது என் தப்பு." அந்த வாரம் எத்தனை வேலை, யார் வரவில்லை என்ற கதையை எடுக்காதீர்கள், எடுத்தால் அது சமாதானம் சொல்வதாகிவிடும். அடுத்த விசேஷத்துக்கு விலை குறைத்துத் தருகிறேன் என்றும் சொல்ல வேண்டாம். திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். காப்பி கொடுத்தால் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். கொடுக்காவிட்டால் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, "போயிட்டு வர்றேன்" என்று சொல்லிக் கிளம்புங்கள்.